கணினி வரைகலை பயிலும்போது பிறக்கும் சர்ரியல் படங்கள்: மிதக்கும் பாறை ஏன் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது?

கேள்வி
எழுதியவர்: கனவுமுடிச்சு

அனைவருக்கும் வணக்கம். நான் பிளெண்டர் மென்பொருளின் வழியாக முப்பரிமாண வரைகலையைக் கற்று வருகிறேன். மாடலிங் (வடிவம் அமைத்தல்), ஒளியமைப்பு, மெட்டீரியல் (பரப்பின் தன்மை) ஆகியவற்றின் அடிப்படைகள் ஓரளவு கைவந்துவிட்டன. பயிற்சிக்கென்று ஒரு நாற்காலியையோ குடையையோ செய்யத் தொடங்கினால், அது முடிவதற்குள் நாற்காலிக்குப் பறவைக் கால்கள் முளைத்துவிடுகின்றன; குடையின் உட்பக்கத்தில் மழை பெய்யத் தொடங்கிவிடுகிறது. மேசையின் இழுப்பறைக்குள் ஒரு படிக்கட்டு இறங்கிச் செல்லும் படத்தையும், புத்தக அலமாரியின் இடுக்குகளில் மீன்கள் நீந்தும் படத்தையும் செய்து வைத்திருக்கிறேன். இவற்றைச் செய்யும்போது கிடைக்கும் மகிழ்ச்சி, பாடத்தில் சொன்னபடி ஒரு பழத்தட்டைச் செய்யும்போது எனக்குக் கிடைப்பதில்லை.

என்னோடு பயில்பவர்களில் சிலர், முதலில் உள்ளதை உள்ளபடி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், கற்பனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பழத்தட்டைச் செய்யும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புகைப்படம் இருக்கிறது. எங்கே பிசகியது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பறவைக் கால் நாற்காலிக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் உலகத்தில் இல்லை. ஆகவே, இத்தகைய சர்ரியல் (கனவு போன்ற, இயல்புக்கு மாறான) விளையாட்டுப் படங்களின் வழியாக வரைகலையை முறையாகக் கற்க முடியுமா, அல்லது இவை என்னைக் கற்றலிலிருந்து விலக்கிக்கொண்டு போகின்றனவா என்பதை அனுபவமுள்ளவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

இன்னொரு கேள்வி குறிப்பான ஒரு படத்தைப் பற்றியது. உயரமான கூடம் ஒன்றில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதன்மேல் தட்டுகளும் கரண்டிகளும் கண்ணாடிக் குவளைகளும் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேசைப் பரப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு பெரிய பாறை அந்தரத்தில் நிற்கிறது. உயரத்திலுள்ள சன்னலிலிருந்து சாய்வாக வெயில் விழுகிறது. பாறையின் டெக்ஸ்சர் (அதன் பரப்பில் போர்த்தும் படம்) நல்ல தெளிவுடையது, ரெண்டரில் (மென்பொருள் கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தில்) புள்ளிகளும் இல்லை. ஆனாலும், பாறை படத்தின்மேல் பிறகு ஒட்டவைத்தது போலத்தான் தெரிகிறது. அதோடு, அது பாறையாகவே தோன்றவில்லை. ஒரு கூழாங்கல்லைக் கேமராவுக்கு அருகில் பிடித்தது போல இருக்கிறது. இதைச் சரிசெய்ய எங்கே பார்க்க வேண்டும்?


பதில் 1
எழுதியவர்: நிழற்கோடு

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு பொருள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் விழும் மெல்லிய கருமையைப் பார்த்தே நம் கண் அந்தப் பொருள் அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறது. உங்கள் பாறை எதையும் தொடவில்லை. ஆகவே அது அந்தக் கூடத்தைச் சேர்ந்தது என்பதற்கு மூன்று சாட்சிகள்தாம் இருக்க முடியும்: அதன் நிழல், சுற்றியுள்ள பொருள்களிலிருந்து அதன்மேல் தெறிக்கும் ஒளி, மற்றப் பரப்புகளில் தெரியும் அதன் பிரதிபலிப்பு. இம்மூன்றும் படத்தின் சட்டத்துக்குள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

நிழல்தான் முதல் சந்தேகம். சூரியன் அடிவானிலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்குமாறு விளக்கை வைத்திருந்தால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் பாறையின் நிழல், மேசை மட்டத்தில் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.6 மீட்டர் தள்ளி விழும். அதாவது மேசையைத் தாண்டித் தரையிலோ சுவரிலோ, ஒருவேளை கேமராவின் பார்வைக்கு வெளியிலோ விழும். மென்பொருள் நிழலைச் சரியாகவே கணக்கிட்டிருக்கும். பார்ப்பவருக்குத்தான் அது கிடைக்கவில்லை. சூரியனை 60 பாகைக்கு உயர்த்தினால் நிழல் 0.9 மீட்டருக்குள் வந்துவிடும். தட்டுகளின் மேலும் மேசை விரிப்பின் மடிப்புகளின் மேலும் வளைந்து ஏறி இறங்கும். வளைந்து ஏறும் அந்த நிழல் ஒன்றே பாறையைக் கூடத்தோடு கட்டிப்போட்டுவிடும்.

நிழலின் விளிம்பையும் கவனிக்க வேண்டும். வானில் சூரியனின் கோண அளவு ஏறத்தாழ 0.53 பாகை. அதனால் ஒளி செல்லும் பாதையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புறநிழல் விரிகிறது. உங்கள் பாறைக்கும் மேசைக்கும் நடுவே ஒளி 1.7 மீட்டர் தூரம் கடக்கிறது என்றால், நிழலின் ஓரம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு மங்க வேண்டும். பக்கத்திலிருக்கும் குவளையின் நிழலோ, அடிப்பகுதியில் கத்தி முனை போலக் கூர்மையாக இருக்க வேண்டும். இந்த இரண்டு மங்கல்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பார்த்துத்தான், தனக்குத் தெரியாமலே, பார்ப்பவர் பாறையின் உயரத்தை அளக்கிறார். சூரிய விளக்கின் கோணத்தைச் சுழியாக வைத்திருந்தால் இரண்டு நிழல்களும் ஒரே கூர்மையில் விழுந்து, உயரம் என்ற செய்தியே அழிந்துவிடும்.

தெறிக்கும் ஒளியைப் பொறுத்தவரை, மேசை மரத்தின் பழுப்பும் விரிப்பின் வெண்மையும் பாறையின் அடிப்பக்கத்தில் இலேசாகப் படிய வேண்டும். பாறையைத் தனி அடுக்காக ரெண்டர் செய்து பிறகு சேர்த்திருந்தால் இது வராது. பிரதிபலிப்பைப் பொறுத்தவரை, உங்கள் மேசையில் கரண்டிகள் இருக்கின்றன என்கிறீர்கள். இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஒவ்வொரு கரண்டியின் குழிவிலும் தலைகீழாக ஒரு சிறிய பாறை தெரியட்டும். கரண்டியின் மெட்டீரியலில் சொரசொரப்பு மதிப்பைக் குறைத்து, கேமராவின் கோணத்துக்கு ஏற்பக் கரண்டியைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும்.

பாறை கூழாங்கல்லாகத் தெரிவதற்குக் காரணம் வேறு. பெரிய பொருளின் பரப்பில் பல அளவுகளில் நுணுக்கங்கள் இருக்கும்: கையகல விரிசல்கள், அவற்றுக்குள் விரல் அகலக் கீறல்கள், அவற்றுக்கும் உள்ளே மணல் அளவுக் குருணைகள். ஒரு சிறு கல்லின் புகைப்படத்தை டெக்ஸ்சராக எடுத்து ஒன்றரை மீட்டருக்கு நீட்டினால், அதிலுள்ள குருணையும் சேர்ந்து நீண்டுவிடும். கண் குருணையை வைத்துத்தான் கல்லின் அளவை மதிப்பிடுகிறது. வரைகலை ஆய்வாளர் கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட நாய்ஸ் முறை (ஒழுங்கற்ற மேடுபள்ளங்களைக் கணக்கால் உருவாக்கும் முறை) இன்றுவரை பயன்படுவதற்கு ஒரு காரணம், அதை அலைவெண்ணை இரட்டித்தும் உயரத்தைப் பாதியாக்கியும் அடுக்கடுக்காகக் கூட்டலாம் என்பதே. அடுக்குகளைக் கூட்டுங்கள், மிகச் சிறிய அடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும் வரை கூட்டுங்கள். கேமராவின் குவியத்தையும் பாருங்கள். பின்னணி அதிகமாக மங்கியிருந்தால் மூளை அதை நெருக்கப் படமாக எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எல்லாம் சிறுத்துப்போகும். துவாரத்தை எஃப் 8 அல்லது 11க்குக் கொண்டுபோங்கள். பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்பதால், மேசையும் பாறையும் மெய்யான அளவில் இருக்கின்றனவா என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இனி முதல் கேள்வி. பறவைக் கால் நாற்காலிக்குச் சான்று இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முழு நாற்காலிக்குச் சான்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் ஒவ்வொரு கூறுக்கும் இருக்கிறது. பறவையின் காலில் செதில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எடை ஏறும்போது விரல்கள் எப்படி விரிகின்றன, மரம் எந்த இடத்தில் தேய்ந்து பளபளக்கிறது என்பவை எல்லாம் உலகத்தில் இருப்பவையே. சர்ரியல் ஓவியர் ரெனே மாக்ரித் 1959இல் வரைந்த ஓவியம் ஒன்றில், உச்சியில் கோட்டையைச் சுமந்த ஒரு மாபெரும் பாறை கடலுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அந்தக் கடலைப் பாருங்கள்: அலைகள் எந்த அதிசயமும் இல்லாமல் கரைக்கு வருகின்றன, வானம் சாதாரண வானமாக இருக்கிறது, பாறையின் ஒவ்வொரு மடிப்பும் கனத்தைச் சொல்கிறது. மீறப்பட்டது ஈர்ப்பு விதி ஒன்று மட்டுமே. மற்ற எல்லா விதிகளும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. இதனால்தான் சர்ரியல் படம் மற்றப் பயிற்சிகளைவிடக் கடுமையான பயிற்சி என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். பழத்தட்டில் நிழல் கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவர் அதைப் பழத்தட்டாகவே ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் பழத்தட்டை அவர் ஏற்கெனவே நம்புகிறார். மிதக்கும் பாறையை அவர் நம்பத் தயாராக இல்லை. நிழல் பிசகினால் அந்தக் கணமே படம் உடைந்துவிடும்.


பதில் 2
எழுதியவர்: கோளமும்தளமும்

நிழற்கோடு சொன்னவற்றோடு வரலாற்றுப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கற்றுக்கொள்ளும் காலத்தில் கனவுத்தன்மையுள்ள படங்கள் பிறப்பது உங்கள் மனப்போக்கால் மட்டும் நிகழ்வதன்று. இந்தத் துறையின் கணக்கே அவற்றை ஈன்றுகொண்டிருக்கிறது. டர்னர் விட்டெட் 1980இல் ஒளிக்கதிர்களைப் பின்தொடரும் முறையை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலுள்ள புகழ்பெற்ற படத்தை நினைத்துப் பாருங்கள். சதுரங்கக் கட்டமிட்ட தரை நீண்டு செல்கிறது, அதன் மேலே ஒளி ஊடுருவும் கோளமும் பளபளக்கும் கோளமும் எதன்மேலும் அமராமல் நிற்கின்றன, பின்னால் வெறும் வானம். சர்ரியல் ஓவியம் வரைய வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட படமன்று அது. ஒரு கதிர் கோளத்தை எங்கே வெட்டுகிறது என்று காண ஓர் இருபடிச் சமன்பாடு போதும். தளத்தை எங்கே வெட்டுகிறது என்று காண அதைவிட எளிய ஒருபடிச் சமன்பாடு போதும். கட்டங்கள் இருந்தால் பிரதிபலிப்பும் ஒளிவிலகலும் சரியாக வருகின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எது கணக்கிட எளிதோ அதுவே படமானது. அந்தப் படம் யாரும் வாழாத ஓர் உலகத்தின் காட்சியாக வந்து நின்றது.

யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975இல் உருவாக்கிய தேநீர்க் கெண்டியும் அப்படித்தான். வளைவு, கைப்பிடியின் துளை, தன்மேலேயே நிழல் விழும் மூக்கு ஆகியவை ஒரே பொருளில் இருந்ததால் ஆய்வாளர்கள் எல்லாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது வானத்திலும் கடலிலும் கண்ணாடியாகவும் ரோமமாகவும் தோன்றாத இடமில்லை. முதலில் வெளிவந்த வடிவத்தில் அந்தக் கெண்டிக்கு அடிப்பாகமே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நிரல் எழுதும் ஆர்வம் உங்களுக்கு இருந்தால், மெஷ் (புள்ளிகளை இணைத்த வலை வடிவம்) இல்லாமல் தொலைவுச் சார்புகளை வைத்து ஷேடர் (படப்புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) எழுதிப் பாருங்கள் என்று பரிந்துரைப்பேன். முப்பரிமாண வெளியில் ஏதேனும் ஒரு புள்ளியைக் கொடுத்தால், அங்கிருந்து மிக அருகிலுள்ள பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்வதே தொலைவுச் சார்பு. அந்தத் தொலைவு வரை வழியில் எதுவும் இல்லை என்பது உறுதியாகிவிடுவதால், கதிர் அவ்வளவு தூரத்தை ஒரே எட்டில் கடக்கலாம். ஜான் ஹார்ட் 1996இல் விரிவாக எழுதிய முறை இதுதான். இதில் விளையாட்டுக்கு இருக்கும் இடம் வியப்பளிப்பது. இரண்டு வடிவங்களின் தொலைவுகளில் சிறியதை எடுத்தால் அவை ஒன்றுசேர்ந்து நிற்கும். பெரியதை எடுத்தால் பொதுவான பகுதி மட்டும் மிஞ்சும். சிறியதை எடுக்கும் செயலைச் சற்று மென்மையாக்கினால் மீனின் உடல் நாற்காலிக்குள் மெழுகாக உருகிச் சேரும். புள்ளியின் ஆயத்தொலைகளை ஒரு குறிப்பிட்ட நீளத்தால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு தூண் முடிவில்லாத தூண்காடாகப் பெருகும். நினைவகத்தில் ஒரு பைட்கூட அதிகரிக்காது. எண்ணற்ற தூண்களில் ஒன்றை மட்டும் அகற்ற நினைக்கும்போதுதான் கடினமான வேலை தொடங்கும், அந்த வேலையில்தான் கற்றலும் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. வடிவத்தை முறுக்கினாலோ வளைத்தாலோ சார்பு சொல்லும் தொலைவு மெய்யான தொலைவாக இருக்காது. கதிர் பரப்பைத் தாண்டிக் குதித்து, படத்தில் ஓட்டைகள் விழும். ஒவ்வோர் எட்டையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். ரெண்டருக்கு நேரம் கூடும், ஆனால் ஓட்டைகள் அடைபடும்.


பதில் 3
எழுதியவர்: எதேச்சை

நிழற்கோடு எழுதிய நுட்பங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் ஒரு விதியை மட்டும் மீற வேண்டும் என்ற கருத்தைப் பொது இலக்கணமாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. அது மாக்ரித்தின் வழி. சர்ரியலிசத்தின் ஒரே வழியன்று.

அந்த இயக்கத்தினர் பெரிதும் போற்றிய ஜியோர்ஜியோ டி கிரிகோ, 1910களில் வரைந்த வெற்றுச் சதுக்கங்களைப் பாருங்கள். கட்டடங்களின் கோடுகள் ஒரே மறைபுள்ளியில் சென்று சேர்வதில்லை. இடப்பக்கத்து வளைவுகள் ஓர் இடத்தை நோக்கியும் வலப்பக்கத்து வளைவுகள் வேறோர் இடத்தை நோக்கியும் ஓடுகின்றன. பெரும்பாலான பார்வையாளர்கள் இதைக் கண்டுபிடிப்பதில்லை. அங்கே நிற்க முடியாது என்ற கலக்கத்தை மட்டும் உணர்கிறார்கள். முப்பரிமாண மென்பொருளில் இதைச் செய்வது எளிதன்று, ஏனென்றால் ஒரு கேமரா ஒரே பார்வையமைப்பைத்தான் தரும். இரண்டு கேமராக்களை வைத்து இரண்டு பக்கங்களைத் தனித்தனியே ரெண்டர் செய்து இணைக்க வேண்டும், அல்லது ஒரு கட்டடத்தைச் சரித்து அதன் கோடுகளைத் திருப்ப வேண்டும். இதைச் செய்து முடிப்பவருக்கு, கேமரா என்பது முப்பரிமாணக் காட்சியைத் தளத்தில் வீழ்த்தும் ஒரு கணக்கு என்பது பாடம் படித்துத் தெரிவதைவிட ஆழமாகத் தெரிந்துவிடும்.

தற்செயலுக்கும் இடம் கொடுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதில் பதிந்த வரிகளுக்குள் காடுகளையும் விலங்குகளையும் கண்டெடுத்தார். நம்மிடம் நாய்ஸ் டெக்ஸ்சர் இருக்கிறது. ஒரு தளத்தின்மேல் அதை உயரமாகப் பயன்படுத்தி, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்து, சீட் எண்ணை (தற்செயல் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்ணை) மாற்றிக்கொண்டே போனால் அதே வேலையைச் செய்யலாம். முகமோ மலையோ தென்படும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது மட்டும் அவசியம், ஏனென்றால் குறிக்காமல் விட்ட எண்ணைத் தேடிப் பிடிப்பது வீண் உழைப்பு. அதே 1925 வாக்கில் அந்தக் குழுவினர் தாளை மடித்து, முன்னவர் வரைந்தது தெரியாமல் ஆளுக்கு ஒரு பகுதி வரைந்து ஓர் உருவத்தை முடிக்கும் விளையாட்டை ஆடினார்கள். உங்களோடு பயில்பவர்களுடன் இதை மெஷ் கோப்புகளை வைத்து ஆடலாம்: கழுத்தின் வெட்டுவாயில் எத்தனை வெர்டெக்ஸ் (மெஷ்ஷின் முனைப்புள்ளி) இருக்கும், அதன் விட்டம் எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொண்டு, ஒருவர் தலையையும் இன்னொருவர் உடலையும் வேறொருவர் கால்களையும் செய்ய வேண்டும். உள்ளதை உள்ளபடி செய்யச் சொல்லும் நண்பர்களும் இதில் மகிழ்ச்சியோடு சேருவார்கள் என்று நம்புகிறேன்.

எண்களை அவற்றின் வழக்கமான எல்லைக்கு அப்பால் தள்ளிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்துக்கு 2.42. ஒன்றுக்குக் கீழே போனால் என்ன ஆகும்? நீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிக்கு, சுற்றியுள்ள நீரை ஒப்பிட, அந்த எண் ஏறத்தாழ 0.75. உங்கள் அலமாரியில் நீந்தும் மீன்களுக்குக் கண்ணாடி மெட்டீரியலைக் கொடுத்து, எண்ணை 0.75 என்று வைத்துப் பாருங்கள். மீன்கள் குமிழிகளைப் போல ஒளியை வளைக்கும். ஓரங்களில் ஒளி முழுமையாகத் திரும்பி வெள்ளி வரம்பு கட்டும். அறை முழுவதும் நீர் நிரம்பியிருக்கிறது, மீன்கள் மட்டும் காற்றால் ஆனவை என்ற எண்ணம் எந்த விளக்கமும் இல்லாமல் பார்ப்பவருக்கு வந்துவிடும். அறையில் ஒரு சொட்டு நீரைக்கூட நீங்கள் வைக்க வேண்டியதில்லை.

விளையாட்டுத்தன்மையை வெட்கத்துக்குரியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெரெட் ஓப்பன்ஹைம் 1936இல் ஒரு தேநீர்க் கோப்பையையும் சாசரையும் கரண்டியையும் விலங்கு ரோமத்தால் போர்த்தினார். சர்ரியலிசம் என்றதும் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பொருள்களில் அது ஒன்று. ரோமம் அமைக்கும் கருவியைக் கற்கும் நாளில் அந்தக் கோப்பையை ஒருமுறை செய்து பாருங்கள். வாய் வைக்கும் விளிம்பில் ரோமம் எந்தப் பக்கம் படிய வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில், அந்தப் படைப்பின் வலிமை எங்கே இருக்கிறது என்பது கைக்கே புரியும்.


மறுமொழி
எழுதியவர்: கனவுமுடிச்சு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சூரியனை 60 பாகைக்கு உயர்த்தியதும் நிழல் மேசைக்கு வந்துவிட்டது. தட்டுகளின் விளிம்பில் அது ஏறி இறங்குவதைப் பார்த்தபோது பாறை முதன்முறையாகக் கனமாகத் தெரிந்தது. குருணை அடுக்குகளைச் சேர்த்த பிறகு அளவும் சரியாகிவிட்டது. குமிழி மீன்களை இன்று தொடங்கியிருக்கிறேன்.

இந்தப் படத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோக விரும்புகிறேன். மேசைக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி தொங்குகிறது. கூடத்தில் பாறை மிதந்துகொண்டிருக்க, கண்ணாடிக்குள் மட்டும் அதே பாறை மேசையின்மேல் விழுந்து கிடக்க வேண்டும். பாறையின் ஒரு நகலை மேசையில் வைத்து, அது கேமராவுக்குத் தெரியாமல் பிரதிபலிப்பில் மட்டும் தெரியுமாறு கதிர் அமைப்புகளை மாற்றினேன். மிதக்கும் பாறையைப் பிரதிபலிப்பிலிருந்து மறைத்தேன். கண்ணாடியில் பாறை கிடக்கிறது, ஆனால் அதன் கீழே தொடு நிழல் இல்லை. கரண்டிகளிலும் கிடக்கும் பாறையே தெரிகிறது. இதற்கு வேறு வழி உண்டா?


பதில் 4
எழுதியவர்: நிழற்கோடு

கதிர் அமைப்பு உங்கள் தேவைக்குப் போதாது. பளபளக்கும் பரப்பில் பட்டுத் திரும்பும் கதிர் கண்ணாடியிலிருந்து வந்ததா கரண்டியிலிருந்து வந்ததா என்று அந்த அமைப்பு வேறுபடுத்துவதில்லை. நிழலும் அப்படியே. நகலின் நிழலை இயக்கினால் அது கூடத்து மேசையிலும் விழும், நிறுத்தினால் கண்ணாடிக்குள்ளும் விழாது.

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கண்ணாடியையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுவரில் ஒரு திறப்பை வெட்டி, சுவருக்குப் பின்னால் கூடத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை கட்டுவது. பிரதிபலிப்பைக் கணக்கிடும் வேகம் இல்லாத காலத்துக் கணினி விளையாட்டுகளில் கண்ணாடிகளை இப்படித்தான் செய்தார்கள். நகல் கூடத்தைச் சுழற்றக் கூடாது. கண்ணாடித் தளத்துக்குச் செங்குத்தான அச்சில் அளவை எதிர்மம் ஒன்று என்று கொடுத்துக் கவிழ்க்க வேண்டும். சுழற்றினால் இடதும் வலதும் மாறி, குவளை தவறான பக்கத்தில் நிற்கும். வெயிலையும் அதே அச்சில் கவிழ்க்க வேண்டும் என்பதால் இரண்டு சூரியன்கள் தேவைப்படும். ஒவ்வொன்றும் தன் கூடத்தை மட்டும் ஒளியூட்ட வேண்டும். பிளெண்டர் 4.0 முதல் அதிலுள்ள சைக்கிள்ஸ் என்னும் ரெண்டர் கருவியில் விளக்கைக் குறிப்பிட்ட பொருள்களோடு மட்டும் இணைக்கும் வசதி இருப்பதால் இது இயலும். கற்பதற்கு இது மிக நல்ல வழி. திருப்பிய மாடல்களில் நார்மல்கள் (பரப்பு நோக்கும் திசையைக் காட்டும் கோடுகள்) உட்புறமாகத் திரும்பியிருக்கின்றனவா என்று சரிபார்க்க மட்டும் மறக்க வேண்டாம்.

மற்றது எளிது. கேமராவையும் வெயிலையும் சற்றும் அசைக்காமல் இரண்டு ரெண்டர் எடுங்கள்: ஒன்றில் பாறை மிதக்கட்டும், மற்றதில் மேசையில் கிடக்கட்டும். கண்ணாடிப் பரப்புக்கு ஒரு முகமூடி எடுத்து, அந்தப் பகுதியை மட்டும் இரண்டாவது ரெண்டரிலிருந்து கொண்டுவந்து பதியுங்கள். தொடு நிழல், தெறிப்பொளி, கண்ணாடிக்குள் தெரியும் கரண்டிகள் எல்லாம் தாமாகவே சரியாக வந்து சேரும். இணைப்புக் கோட்டைக் கண்ணாடியின் சட்டம் மறைத்துவிடும். கண்ணாடியின் ஒரு பகுதியைப் பாறையோ குவளையோ முன்னால் நின்று மறைக்கிறது என்றால், முகமூடியை முதல் ரெண்டரிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் பாறையின் ஓரம் வெட்டுப்படும். கிடக்கும் பாறை நேராகவே கேமராவுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்துவிடுகிறது என்றால், இரண்டாவது ரெண்டரில் மட்டும் அதற்குக் கேமராப் பார்வையை நிறுத்திவிடுங்கள்; நிழலும் பிரதிபலிப்பும் இருக்கட்டும்.

எதேச்சை சொன்ன மறுப்பை நான் மதிக்கிறேன். டி கிரிகோவுக்கு என் இலக்கணம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட படத்துக்கு நான் என் பக்கமே நிற்பேன். மாக்ரித் 1937இல் வரைந்த ஓர் ஓவியத்தில் ஒருவர் நிலைக்கண்ணாடியைப் பார்த்து நிற்கிறார். கண்ணாடியில் அவருடைய முகம் தெரிவதற்குப் பதிலாக முதுகே தெரிகிறது. அதே கண்ணாடியின் கீழே, மாடத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது; அது மட்டும் ஒழுங்காக, இடவலம் மாறி, எல்லாக் கண்ணாடிகளிலும் தெரிவது போலப் பிரதிபலிக்கிறது. புத்தகம் அப்படிப் பிரதிபலிப்பதால்தான் நாம் அதைக் கண்ணாடி என்று நம்புகிறோம். நம்புவதால்தான் முதுகைக் கண்டு திடுக்கிடுகிறோம்.

ஆகவே உங்கள் கண்ணாடிக்குள் பாறையின் அடியில் சிக்கிய தட்டுகள் மட்டும் உடையட்டும். மற்றத் தட்டுகளும் குவளைகளும் விரிப்பின் மடிப்புகளும் இரண்டு ரெண்டரிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விரிப்புக்குத் துணி சிமுலேஷன் பயன்படுத்தியிருந்தால், முதல் ரெண்டருக்கு முன்பே அதை பேக் (bake) செய்து, அதாவது கணக்கிட்டுச் சேமித்து, நிலைப்படுத்திவிடுங்கள். பாறை விழுந்த கனத்தில் விரிப்பு எங்கே இழுபட்டிருக்கும் என்பதைப் பாறைக்கு அருகில் மட்டும், ஓர் அடி தூரத்துக்குள், கையால் செதுக்கிக்கொள்ளுங்கள்.